அக்கா குரல் எது, தங்கச்சி குரல் எது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட்ல பீ ஜீஸ் கதை பேசினோம். 1969-ல ராபின் கிப் ஏன் கோவிச்சுக்கிட்டு குரூப்பை விட்டுப் போனார்னு பார்த்தோம். ஒரு சிங்கிள் தட்டுல அண்ணன் பாரி பாடினது முன்பக்கம், இவர் பாடினது பின்பக்கம். சண்டை அதுக்குத்தான். அதைக் கேட்டுட்டு பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "நம்மகிட்ட இப்படி ஒரு அக்கா தங்கச்சி குரூப் கிடையாதா? யார் லீட், யார் பேக்கிங்னு நாம சண்டை போட்டதே இல்லையா?"

போட்டிருக்கோம். எங்க வீட்டுல இன்னும் நடக்குது. அந்த குரூப்போட பாட்டை நீங்க எல்லாருமே கேட்டிருக்கீங்க. விரும்பிக் கேட்டீங்களோ இல்லையோ, விடியக்காலம் அஞ்சரை மணிக்கு கோயில் ஸ்பீக்கர் உங்களைக் கேட்க வெச்சிருக்கும். கந்த சஷ்டி கவசம். சூலமங்கலம் சகோதரிகள், ஜெயலக்ஷ்மியும் ராஜலக்ஷ்மியும்.

"பக்திப் பாட்டு பாடினவங்களைப் போய் பாப் குரூப்ங்கிற?"ன்னு கேப்பீங்க. பாப்னா என்ன? ரெண்டு பேர் பாடி, தட்டுல அடிச்சு, கேசட்டுல ஏறி, இசை பத்தி ஒண்ணும் தெரியாதவங்களுக்கும் மனப்பாடமா தெரியுற பாட்டு. அந்தக் கணக்குல தமிழ்நாட்டுல இவங்களை விடப் பெரிய சகோதர குரூப் எதுன்னு நீங்களே சொல்லுங்க. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போறவங்க கூட ஒரு நாள் நடந்து பாருங்க. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர்னு தாமிரபரணி ஓரமாவே போற அந்த வழியில, எந்தப் பந்தல்ல மோர் குடிக்க நின்னாலும் இந்த ரெண்டு குரல்தான்.

ரெண்டு குரல்னு நான் சொல்லுதேன். எங்க ஆச்சி ஒத்துக்க மாட்டா. எங்க சித்தப்பாவுக்கும் ஆச்சிக்கும் இதுல தீராத வழக்கு. "யம்மா, மேல போற குரல் ராஜலக்ஷ்மிது. சினிமால கேட்ட குரல்லா, எனக்குத் தெரியாதா?"ம்பார் சித்தப்பா. ஆச்சி தலையைக்கூடத் திருப்ப மாட்டா. "போல. பிரிச்சுப் பாக்கதுக்கு அது என்ன அரிசியும் கல்லுமா?"

இன்னைக்கு எபிசோட் முழுக்க இந்த வழக்குதான்.

முதல்ல ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். வெளிநாட்டு சகோதர குரூப்களைப் பத்திப் பேசுற மொழியை அப்படியே இங்க தூக்கிட்டு வந்தா வேலைக்காகாது. எவர்லி பிரதர்ஸை எடுத்துக்கோங்க. அண்ணன் டான் கீழே மெலடியைப் பாடுவார். தம்பி ஃபில் அதுக்கு மேல வேற ஒரு சுரத்துல ஒட்டிக்கிட்டே வருவார். ரெண்டும் வேற வேற கோடு. அதனால யார் பாடுறது எதுன்னு காது பழகினவங்களுக்குத் தெரிஞ்சிடும். "டான்தான் லீட், ஃபில் ஹார்மனி"ன்னு ஒரே வரியில முடிச்சிடலாம்.

நம்ம கர்னாடக ஜோடிப் பாட்டுல அந்த ஹார்மனி கிடையாது. ரெண்டு பேரும் ஒரே சுருதி, ஒரே சுரம், ஒரே கமகம். ரெண்டு குரலும் ஒரே கோட்டு மேல நடக்கணும். ஆண்-பெண் ஜோடியா இருந்தா சுருதியே சிக்கல், யாராவது ஒருத்தர் தன் கட்டையை விட்டுக் கொடுக்கணும். ரெண்டும் பொண்ணுங்களா, அதுவும் கூடப் பிறந்தவங்களா இருந்தா அந்தச் சிக்கல் இல்லை.

கூடப் பிறந்தவங்க குரல் ஏன் இப்படி ஒட்டுதுன்னு கேட்டா, தொண்டையும் வாயும் அமைஞ்ச விதம் கொஞ்சம் ரத்தத்துல வருது. ஆனா அதை விடப் பெரிய காரணம் எனக்குத் தெரிஞ்சு உச்சரிப்பு. ஒரே வீட்டுல, ஒரே அம்மாகிட்ட பேசக் கத்துக்கிட்டவங்க 'ஆ'ன்னு வாயைத் திறக்குற அளவு ஒண்ணா இருக்கும். ரெண்டு குரல் ஒரே சுரத்துல நின்னாலும் உயிரெழுத்தோட வடிவம் மாறினா காதுல ரெண்டா கேட்கும். சுரமும் ஒண்ணு, உயிரெழுத்தும் ஒண்ணுன்னா காது தோத்துப் போயிடும். அதோட ஒரே வாத்தியார்கிட்ட ஒண்ணா உக்காந்து படிச்சிருந்தா, மூச்சு எங்க வாங்குறதுங்கிறதும் ஒண்ணாயிடும்.

வாத்தியார்னு வந்ததால நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்லியாகணும். இவங்க பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம் சூலமங்கலம், அய்யம்பேட்டைக்குக் கிட்டக்க. ஆனா இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்கள்ல ஒருத்தர் பத்தமடை கிருஷ்ணன். பத்தமடை தெரியும்ல? சேரன்மகாதேவி போற வழியில, பாய்க்குப் பேர்போன ஊர். கோரையை ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு, கீறி, திரும்பவும் கீறி, நூல் மாதிரி ஆக்கி நெய்வாங்க. நல்ல பாயைக் கையில எடுத்துப் பார்த்தா கோரை தனியா, நூல் தனியான்னு தெரியாது, துணி மாதிரி மடியும். இந்த உவமையை நான் வேணும்னு இழுத்துட்டு வரலை, ஊர் அப்படி அமைஞ்சு போச்சு. கவசத்தைக் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரங்கள்ல எத்தனை பேருக்கு அந்தக் குரல்கள்ல நம்ம ஆத்தங்கரை ஊர்க்காரர் ஒருத்தரோட பாடம் கலந்திருக்குன்னு தெரியும்? எனக்கே காலேஜ் முடிக்கிற வரைக்கும் தெரியாது.

சரி, ஹார்மனி இல்லை, ஒரே கோடு. அப்போ ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தரே பாடிட்டுப் போகலாமே?

இங்கதான் விஷயம் சுவாரசியமாகுது. ஜோடிப் பாட்டுல பங்கு உண்டு. ஆனா அது லீட், பேக்கிங்னு பிரியுற பங்கு இல்லை. பல்லவியை யார் எடுக்குறது, யார் சேர்ந்துக்கிறது. மேல்ஸ்தாயி சஞ்சாரத்தை யார் முன்னால தொடுறது, அப்போ கீழே யார் நின்னு சுருதியைத் தாங்குறது. கல்பனாஸ்வரத்துல மாத்தி மாத்திப் போடும்போது யார் கணக்கை முடிக்கிறது. இதெல்லாம் மேடையில கண்ணால பேசிக்கிற விஷயங்கள். நம்ம பக்கத்து வில்லுப்பாட்டைப் பார்த்தவங்களுக்கு இது ஓரளவு புரியும். புலவர் கதை சொல்லுவார், பின்பாட்டு 'ஆமா' போடும். அந்த 'ஆமா' சரியான இடத்துல விழலைன்னா புலவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கதை நொண்டும். யார் முக்கியம்னு கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க?

கந்த சஷ்டி கவசத்துக்கு வருவோம். தேவராய சுவாமிகள் பாடினது. அறுபடை வீட்டுக்கும் ஒவ்வொண்ணா ஆறு கவசம் உண்டு, நாம கேட்குறது அதுல திருச்செந்தூருக்கு உரியது. இருநூறு வரிக்கு மேல. சின்னச் சின்ன அடி, ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்தது தொடங்கிடும், நடுவுல இளைப்பாற இடமே கிடையாது. மெட்டு ராகமாலிகை: ஆபேரி, சுபபந்துவராளி, கல்யாணி, தோடி, மத்யமாவதி. ராகம் மாறுறதே தெரியாம மாறும்.

இதை நீங்க தனியாப் பாடிப் பாருங்க. நான் பாடிப் பார்த்தேன். நாப்பதாவது வரிக்குள்ள மூச்சு முட்டி ஏதாவது ஒரு சொல்லை முழுங்கிடுவோம். இது கவசம். தலை, கண், காதுன்னு ஒவ்வொரு உறுப்பையும் பேர் சொல்லிக் காக்கச் சொல்லுற பாட்டு. அதுல ஒரு சொல்லை முழுங்கினா கேட்குற பக்தருக்கு அந்த உறுப்பு விட்டுப் போன மாதிரி. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டீங்கன்னா, ரெண்டு குரல் சேர்ந்து போற இடங்கள்ல வரியோட கடைசி எழுத்துல ஒலி கனம் லேசா இளைச்சு, உடனே திரும்ப ஏறுறதைக் கவனிக்கலாம். அது ஒருத்தர் மூச்சு எடுக்குற இடம்னு நான் எடுத்துக்கிறேன். அந்த அரை நொடி பாட்டைத் தூக்கிக்கிட்டுப் போறது இன்னொருத்தர். அந்த அரை நொடியில இருக்குறது அக்காவா தங்கச்சியா? சித்தப்பா பதில் சொல்லுவார். நான் சொல்ல மாட்டேன்.

ஆச்சி பக்கம் நியாயம் அதுதான். இது பிரிச்சுக் கேட்குறதுக்காகப் பாடினது இல்லை. தையல் தெரியக்கூடாதுன்னே தைச்சது.

ஆனா வழக்கு இதோட முடியலை. சித்தப்பா பக்கமும் ஒரு விஷயம் இருக்கு. அதுதான் என்னை இந்த எபிசோடுக்கு இழுத்துட்டு வந்தது.

'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' பாட்டு தெரியும்ல? பூவை செங்குட்டுவன் எழுதினது, குன்னக்குடி வைத்தியநாதன் இசை. சினிமாவுக்கு முன்னாலேயே சூலமங்கலம் சகோதரிகள் குரல்ல தட்டா வந்தது. அக்காவும் தங்கச்சியும். அப்புறம் ஏ.பி. நாகராஜன் 1967-ல 'கந்தன் கருணை' எடுக்கும்போது அந்தப் பாட்டைப் படத்துக்குள்ள சேர்த்துக்கிட்டார். படத்துக்கு இசை கே.வி. மகாதேவன், அந்தப் படத்துக்குத்தான் அவருக்கு தேசிய விருது. ஆனா இந்த ஒரு பாட்டு மட்டும் குன்னக்குடியோடது. படத்துல இதைப் பாடினது யாரு? சூலமங்கலம் ராஜலக்ஷ்மியும் பி. சுசீலாவும்.

ஜெயலக்ஷ்மி அதுல இல்லை.

நான் இதை முதல்தடவை கவனிச்சப்போ கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்திட்டேன். ஒரே பாட்டு, ஒரே மெட்டு. தட்டுல அக்கா நின்ன இடத்துல படத்துல வேற ஒருத்தர் நிக்கிறார். வெளிநாட்டு குரூப்பா இருந்தா இதுக்கு ரசிகர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ஒரு வருஷம் அடிச்சுக்கிட்டிருப்பாங்க. இங்க யாரும் ஒரு வார்த்தை பேசின மாதிரி தெரியலை. சுசீலாம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கு, அவங்க பாடினதும் அமிர்தம்தான்.

ஏன் இப்படின்னு எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊகம்தான். சினிமாவுல ரெண்டு பெண்கள் பாடுற பாட்டுன்னா, கேட்குறவங்களுக்கு ரெண்டு ஆளுன்னு தெரியணும். இந்த வரி இந்தம்மாவுக்கு, அந்த வரி அந்தம்மாவுக்கு. அதுக்கு வித்தியாசமான ரெண்டு குரல் வேணும். மேடையில எந்த ஒற்றுமைக்காக ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து உழைச்சாங்களோ, அதுவே ஸ்டுடியோவுல உதவாம போச்சு. ஒரே மாதிரி ரெண்டு குரல் இருந்தா தயாரிப்பாளருக்கு ஒண்ணு போதும். மார்க்கெட் உள்ள இன்னொரு குரலைப் பக்கத்துல வெச்சா இன்னும் நல்லது. 1966-ல 'கௌரி கல்யாணம்' படத்துல 'திருப்புகழைப் பாடப் பாட'வும் இதே ஜோடிதான், ராஜலக்ஷ்மி, சுசீலா.

ராஜலக்ஷ்மி அதோட நிக்கலை. இசையமைப்பாளராவும் ஆனாங்க. 1970-ல வந்த 'தரிசனம்' படத்துல 'இது மாலை நேரத்து மயக்கம்' பாட்டு உண்டே, டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடினது. அதுக்கு மெட்டு போட்டது இந்த ராஜலக்ஷ்மிதான். ஒரு பொண்ணு ஆசையைச் சொல்லக் கூப்பிட, ஆம்பளை அதுக்கு வைராக்கியத்தைப் பதிலாச் சொல்லுற பாட்டு. ஈஸ்வரி குரல்ல அந்த மயக்கத்தை வரவழைச்சது, காலையில நம்ம வீட்டுல விபூதி வாசனையோட கேட்குற அதே ஆளு. சினிமாவுல பெண் இசையமைப்பாளர்னு விரல் விட்டு எண்ணுற காலம் அது. இப்பவும் ரெண்டு கை தாண்டுமான்னு தெரியலை. நண்பர்கள்கிட்ட இதைச் சொன்னா பாதிப் பேர் நம்புறதில்லை, போனை எடுத்துப் பார்க்குறாங்க.

அதனால சித்தப்பா பேர் சொல்லும்போது 'ராஜலக்ஷ்மி'ன்னு வருது. அவர் காதுக்கு அவர் கேட்டுப் பழகின குரல் தெரியுது, உண்மைதான். ஆனா ஒரு குரல் தனியா நிறையக் கேட்டதுன்னா, சேர்ந்து பாடுற இடத்துலயும் காது அதையேதான் தேடிப் பிடிக்கும். மேல போற குரல் ராஜலக்ஷ்மிதுன்னு அவர் சொல்லுறது, அங்க ராஜலக்ஷ்மி இருக்காங்கங்கிறதுக்கு ஆதாரம் இல்லை. அவர் எந்தக் குரலைத் தேடுறார்ங்கிறதுக்குத்தான் ஆதாரம். அக்கா அங்கயும் இருக்கலாம். நாம அவங்க குரலைத் தனியாக் கேட்டுப் பழகலை, அவ்வளவுதான்.

ஒரு இடைச்செருகல். 'சகோதரர்கள்', 'சகோதரிகள்'ங்கிற பட்டத்தையே நம்ம சங்கீத உலகம் ஒரு பிராண்டு மாதிரிதான் பயன்படுத்தியிருக்கு. ஆலத்தூர் பிரதர்ஸ் பேரைக் கேட்டா அண்ணன் தம்பின்னு நினைப்போம். கிடையாது. சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் ஒரே குருகிட்ட படிச்சவங்க. அந்த குரு சிவசுப்பிரமணிய ஐயரோட அப்பா, அவ்வளவுதான் உறவு. ராதா-ஜெயலக்ஷ்மி ஜோடி ஒண்ணு விட்ட சகோதரிகள். (இந்த ஜெயலக்ஷ்மி வேற, நம்ம ஜெயலக்ஷ்மி வேற. குழப்பிக்காதீங்க, நான் ரொம்ப நாள் குழம்பினேன்.) இன்னைக்கு நாம கச்சேரிக்குப் போய்க் கேட்குற ரஞ்சனி-காயத்ரி சொந்த அக்கா தங்கச்சி, அவங்க தொடங்கினது வயலின்ல. பெண்கள் ஜோடியா உக்காந்து பாடுற வழக்கத்துக்கு ஆரம்ப காலத்துலேயே பாதை போட்டவங்க வரிசையில சூலமங்கலம் பேர் வரும்.

சகோதர குரூப்ல பங்கு எப்படி மாறும்ங்கிறதுக்கு இன்னொரு உதாரணம் தேனிப் பக்கம் பண்ணைப்புரத்துல இருக்கு. பாவலர் பிரதர்ஸ். அண்ணன் பாவலர் வரதராஜன் பாட்டுக் கட்டி, கம்யூனிஸ்ட் மேடைகள்ல தம்பிகளோட பாடுவார். அந்தக் குழுவுல பெண் குரல் பாடினது யார் தெரியுமா? சின்னப் பையனா இருந்த இளையராஜா. குரல் உடையுற வரைக்கும் அவர்தான் அந்தக் கோஷ்டியோட பெண் பாடகி. உடைஞ்சதும் அந்த இடம் போச்சு, ஆர்மோனியம் அவர் வசமாச்சு. குரல் உடைஞ்சது நமக்கு நல்லதாப் போச்சுன்னு ஜாலியாச் சொல்லலாம். அந்தப் பையனுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா ஜாலியா இல்லை.

திரும்ப அக்காவுக்கு வரேன். ராஜலக்ஷ்மி 1992-ல போயிட்டாங்க. அம்பது வயசு தாண்டி ஒண்ணு ரெண்டு வருஷம். ஜெயலக்ஷ்மி போனது 2017-ல. நடுவுல கால் நூற்றாண்டு.

அந்த இருபத்தஞ்சு வருஷத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ரெண்டு பேரா மூச்சு விட்டுப் பழகினவங்க. வரி முடியுற இடத்துல தான் மூச்சு எடுத்தா பக்கத்துல இருந்து பாட்டு நிக்காம வரும்னு உடம்புக்கே தெரிஞ்சவங்க. இப்போ மூச்சு எடுத்தா அங்க சத்தம் இல்லை. ஆனா வாசலுக்கு வெளியே வந்தா எந்தத் தெருவுலயும் ஸ்பீக்கர்ல ரெண்டு பேரும் பாடிக்கிட்டு இருக்காங்க. இப்படி ஒரு நிலைமை வேற எந்தப் பாடகிக்காவது வந்திருக்குமா? அவங்களுக்கு அது ஆறுதலா இருந்துச்சா, வலிச்சுதான்னு நான் சொல்ல முடியாது. எனக்கு ஒண்ணுதான் உறுத்துது. கவசத்தை மனப்பாடமாச் சொல்லுற எங்க தெருவுல, அவங்க 2017 வரைக்கும் நம்மளோட இருந்தாங்கங்கிறது நான் கேட்ட யாருக்குமே தெரியலை. "ரெண்டு பேரும் அப்பவே போயிட்டாங்கள்ல?"ன்னாங்க. தங்கச்சியோட சேர்த்து அக்காவையும் முடிச்சு வெச்சிட்டோம்.

சேர்ந்து பாடுறதுக்கு இது ஒரு விலைதான். தையல் தெரியாம தைச்சா, தைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரை மறந்துடறது சுலபம். அதனால பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு ஆச்சி சொல்லுறதுலயும் எனக்கு முழு சம்மதம் இல்லை. யார் உசத்தின்னு பட்டம் கொடுக்கப் பிரிக்க வேண்டாம். ஆனா ரெண்டு ஆளு இருக்காங்கன்னு எண்ணிக்கிறதுக்காவது ஒரு தடவை பிரிச்சுக் கேக்கலாம்லா?

சித்தப்பாகிட்ட போன வாரம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ அந்த மேல போற குரல் ஜெயலக்ஷ்மியா இருக்குமோ?"ன்னு கேட்டார். ஆச்சி உள்ளேயிருந்து, "இவன் திருந்த மாட்டான்"ன்னா.

உங்களுக்கு வீட்டுப்பாடம் ஒண்ணு. கவசம் வேண்டாம், அது காதுக்கு ரொம்பப் பழகிப் போச்சு, கேட்குறோம்னு நினைச்சுக்கிட்டுக் கேட்காம இருப்போம். 1972-ல வந்த 'தெய்வம்' படத்துல குன்னக்குடி இசையில 'வருவாண்டி தருவாண்டி'ன்னு ஒரு பாட்டு. மதுரை சோமுவோட 'மருதமலை மாமணியே' இருக்குற அதே படம். இதுல பாடினவங்க பேர் சூலமங்கலம் சகோதரிகள்னுதான் போட்டிருக்கும், ரெண்டு பேரும். ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, வேகத்தைக் குறைக்காதீங்க, வரி முடியுற இடங்களை மட்டும் கவனிங்க. எந்த இடத்துல யார் மூச்சு எடுக்குறாங்கன்னு உங்களுக்குத் தோணுறதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டுறேன்.